பன்னிரண்டு எலிகளும் ஒரு நீலப் பொட்டும்

2025 ஆகஸ்ட் 4, திங்கட்கிழமை, காலை ஏழு மணி நாற்பது நிமிடம். வானம் மூடியிருந்தது, மழை இல்லை. கடல் காற்று இன்னும் புறப்படவில்லை. மந்தைவெளி பறக்கும் ரயில் நிலையத்தின் படிகளை எண்ணிக்கொண்டே ஏறினேன். நாற்பத்தொன்றில் மூச்சு வாங்கியது. அதோடு எண்ணிக்கை விட்டுப்போனது.

என் மனைவி பிலோமினா ஜூன் மாதமே டொராண்டோ போய்விட்டாள், மகளின் பிரசவத்துக்கு. எனக்கும் டிக்கெட் எடுப்பதாகத்தான் சொன்னார்கள். அத்தனை மணி நேரம் உட்கார்ந்தே போவது என் முழங்காலுக்கு ஆகாது என்று மறுத்துவிட்டேன். ஆக எங்கள் வீட்டில் அவள் கனடா போனாள், நான் தரமணி போனேன். அடையாற்றைத் தாண்டி ஆறு வருடம் ஆகியிருந்ததால் எனக்கு அதுவே கடல் தாண்டிய மாதிரிதான். பையில் குடை ஒன்று, தண்ணீர் பாட்டில் இரண்டு, பென்சில் நான்கு, ரத்த அழுத்த மாத்திரை பத்து நாளைக்கு.

அனுப்பியது என் தம்பி மகள் செலின். தரமணியில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் மூளையைப் பற்றி முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள். முந்தின ஞாயிறு பூசை முடிந்து நேராக வீட்டுக்கு வந்தாள்.

"பெரியப்பா, நீங்க சர்வீஸ்ல இருந்தப்ப ரோட்ல வண்டி எண்ணுவீங்கதானே?"

எண்ணினேன். முப்பத்தொரு வருடம் போக்குவரத்துக் கணக்கெடுப்பில் இருந்தேன். நாற்சந்தியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பஸ் இத்தனை, லாரி இத்தனை, மீன்பாடி வண்டி இத்தனை என்று ஐந்தைந்தாகக் கோடு போட்டவன்.

"எனக்கு எலி சுத்தறத எண்ணித் தரணும்" என்றாள்.

அவள் விளக்கியதை எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். சுண்டெலியின் மூளைக்குள், ஒரே ஒரு பக்கத்தில், எள்ளை விடச் சிறிய விளக்கு ஒன்றைப் பதிக்கிறார்கள். பேட்டரி கிடையாது. கூண்டைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள் ஓடுகிறது. மெட்ரோ ரயிலில் அட்டையைக் கதவருகே காட்டினால் அட்டைக்குள் இருக்கும் சில்லு உயிர் பெறுகிறதே, அதே மாதிரி அந்தச் சுருளிலிருந்து விளக்குக்கு மின்சாரம் போகிறது. விளக்கு எரிந்தால் அங்கே உள்ள நரம்புகள் விழிக்கும்; எலி ஒரே பக்கமாகச் சுற்றத் தொடங்கும்.

"முன்னெல்லாம் தலையில ஒரு ஒயர மாட்டி விடுவாங்க பெரியப்பா. எலி சுத்தினா ஒயரும் முறுக்கிக்கும். மூளை சொல்லி நின்னுச்சா, ஒயர் இழுத்து நின்னுச்சானே தெரியாது. இப்ப ஒயரே இல்ல."

கட்டுரையை ஓர் ஆய்விதழுக்கு அனுப்பியிருந்தார்கள். இதழ்க்காரர்கள் கணினி எண்ணியது போதாது, எந்த எலி எந்தக் கூட்டம் என்ற விவரம் தெரியாத ஒரு மனிதர் உட்கார்ந்து எண்ண வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். பதில் போக வேண்டிய கடைசி நாள் ஆகஸ்ட் 20.

"மொத்தம் பன்னெண்டு எலி, ரெண்டு கூட்டம். எது எந்தக் கூட்டம்னு எனக்குத் தெரியும், அதனால நான் எண்ணக் கூடாது. உங்களுக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா எண்ணினது அத்தனையும் குப்பை. வேற ஆளப் பிடிச்சு மறுபடி எண்ண நேரமில்ல. என் உதவித்தொகை இந்த மாசத்தோட முடியுது. இது போச்சுன்னா இன்னும் ஒரு வருஷம் பெரியப்பா."

அன்று இரவு பிலோமினாவிடம் தொலைபேசியில் சொன்னேன். "விவரம் தெரியாத ஆள் வேணும்னு கேட்டாங்களா? செலின் புத்திசாலிப் பொண்ணுங்க" என்றாள்.

முதல் நாளே தப்பு நடந்தது. மந்தைவெளியிலிருந்து ஆறாவது நிலையம் தரமணி என்று செலின் சொல்லியிருந்தாள். நான் ஏறிய இடத்தை ஒன்று என்று எண்ணிவிட்டேன். ஆறு வந்ததும் இறங்கினால் திருவான்மியூர். முப்பத்தொரு வருட அனுபவம். வெட்கத்தில் அடுத்த ரயிலுக்குக் காத்திருக்கவும் மனமில்லாமல் கீழே வந்து ஆட்டோவிடம் போனேன்.

"இன்னா சார், எங்க போவணும்?"

"தரமணி."

"ரயில்லதான வந்த? இன்னும் ஒரு டேசன் குந்திகினு இருந்தா தரமணி கீது."

"எண்ணிக்கொண்டுதான் வந்தேன்."

"இதுல எண்றதுக்கு இன்னா சார் கீது? போர்டுல பேர் போட்டுகிறான், பட்ச்சிட்டு எறங்க வேண்டியதுதான?"

நியாயமான கேள்வி. ஏறிக்கொண்டேன்.

நிலையத்தின் வாசலில் காவலாளி ஒரு பெரிய பதிவேட்டைத் திருப்பி வைத்தார். என்ன வேலையாக வந்தீர்கள் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று யோசித்தேன்.

"எதுக்கு வந்துகீறீங்க சார்?"

"எலி விஷயமாக."

"மருந்து அடிக்கவா? அதுக்குப் பின்னாடி கேட்டு. முன்னாடியே சொல்றதில்ல?"

பின் வாசல் எண்ணூறு அடி தள்ளி இருந்தது. அங்கே கழுத்தில் ஓர் அட்டை மாட்டிவிட்டார்கள்: பெஸ்ட் கன்ட்ரோல். செலின் பார்த்துச் சிரித்தாள், மாற்றித் தருவதாகச் சொன்னாள், மறந்துவிட்டாள். நான் அங்கே போன பத்து நாளும் பூச்சி மருந்துக்காரனாகத்தான் போய் வந்தேன். மூன்றாம் மாடியில் ஒரு பேராசிரியர் என்னை நிறுத்தி, தன் அறையில் கரப்பான் தொல்லை என்று புகார் கூடச் சொன்னார். எத்தனை என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன்.

எலிகளை நான் நேரில் பார்க்க முடியாது. குளிரூட்டிய சின்ன அறையில் ஒரு திரை, ஒரு நாற்காலி. மங்கிய சிவப்பு வெளிச்சத்தில், வட்டத் தொட்டிக்குள், மேலிருந்து எடுத்த படங்கள். எலிக்கு நான்கு படம், ஒவ்வொன்றும் இருபது நிமிடம். ஒவ்வொன்றையும் இரண்டு முறை எண்ண வேண்டும். எலியின் உச்சந்தலையில் கறுப்பாகக் குட்டித் தொப்பி மாதிரி ஒன்று. பல் அடைக்கும் சிமெண்டில் கறுப்பு கலந்து பூசியது, அதைப் பார்க்காதீர்கள், காலைப் பாருங்கள் என்றாள் செலின். எண்ணுவதற்கு ஒரு பொத்தான் கருவியும் தந்தாள். அதை மேஜை ஓரமாக வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்தேன்.

அடுத்த மாடியில் எலிகள் இருப்பதால் செண்ட், பவுடர் கூடாது என்று விதி. கல்யாண நாளிலிருந்து பவுடர் பூசாமல் நான் வெளியே போனதில்லை. இரண்டாம் நாள் ரயிலில் எல்லோரும் என்னையே பார்ப்பதாகப் பட்டது.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் மந்தைவெளியில் பொங்கல் கேட்டால் பொங்கல் வரும். தரமணி கேண்டீனில் எந்த அரிசியில் என்று கேட்கிறார்கள். வரகு, சாமை, தினை. தினைப் பொங்கலில் முந்திரி ஒன்று, அதுவும் பாதி. சாம்பார் இனிக்கிறது. காபி காகிதக் கோப்பையில் வருகிறது. மூன்று வாய்க்கு மேல் இல்லை. சுற்றிலும் இருபது இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள், தட்டைப் பார்க்காமல் போனைப் பார்த்தபடி சாப்பிடுகிறார்கள். செலினோடு படிக்கும் கார்த்திக் என்ற பையன் மட்டும் எதிரில் வந்து உட்கார்ந்து, "அங்கிள், இன்னிக்கு எத்தனை சுத்து?" என்று கேட்டான். செலின் அவன் தலையில் ஸ்பூனால் தட்டினாள். "அவர்கிட்ட எலியப் பத்திப் பேசாத. மழையப் பத்திப் பேசு." மழையே இல்லாத ஊரில் மழையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினோம்.

மூன்றாம் நாள் புதன்கிழமை. நாலாம் எண் எலி. முதல் படத்தின் பதினோராவது நிமிடத்தில் எலி நின்று, பின்னங்காலால் காதைச் சொறிந்தது. தலை ஒருபக்கம் சாய, கறுப்புத் தொப்பியின் ஓரத்தில் ஊசி முனை அளவுக்கு ஒரு நீலப் பொட்டு தெரிந்தது. தெரிந்ததும் மறைந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஆறு நிமிடம் கழித்து மறுபடி சொறிந்தது. மறுபடி நீலம். உள்ளே பதித்த விளக்கின் வெளிச்சம்தான் தொப்பி ஓரமாகக் கசிகிறது.

இரண்டு கூட்டம் என்று செலின் சொன்னாள். விளக்கு எரியும் கூட்டம் ஒன்று, எரியாத கூட்டம் இன்னொன்று. வேறென்ன இருக்க முடியும்? நாலாம் எண் எந்தக் கூட்டம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

தெரிந்ததோடு போயிருந்தால் பரவாயில்லை. அடுத்த நிமிடமே அந்த எலி முக்கால் சுற்று சுற்றி நின்றுவிட்டது. முழுச் சுற்று மட்டும்தான் கணக்கு. முந்தின நாளாக இருந்தால் யோசிக்காமல் விட்டிருப்பேன். இப்போது என் கை தானாகக் கோடு போடப் போனது. எரிகிற எலிதானே, சுற்றத்தான் செய்யும் என்று மனசு சொன்னது. கையை இழுத்துத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை ஐந்தும் ஆறும். இரண்டிலும் நீலம். ஒருவேளை கோளாறு என் மூக்குக் கண்ணாடியில் இருக்கலாம் என்று ஒரு நம்பிக்கை பிறந்தது. அன்று மாலை தியாகராய நகர் போனேன். பாண்டி பஜாரில் நடக்க இடம் இருந்தும் எல்லோரும் என் மேலேயே வந்து இடித்தார்கள், ஏழு பேர். கண்ணாடிக் கடையில் இருந்த இளைஞர் மிகவும் மரியாதையானவர்.

"சொல்லுங்க அங்கிள்."

"திரையில் நீலமாக ஒரு புள்ளி தெரிகிறது."

"ஸ்க்ரீன்ல ப்ளூ தெரியுதா? அப்ப ப்ளூ கட் லென்ஸ் போட்டுடலாம்."

"அதைப் போட்டால் நீலம் தெரியாதா?"

"கண்ணுக்கு ரொம்ப நல்லது அங்கிள்."

"நான் கேட்டது, தெரியுமா தெரியாதா?"

"எங்கப்பாவே அதான் போட்டிருக்காரு அங்கிள்."

ஒரு மணி நேரத்தில் கொடுத்தார். போட்டுக்கொண்டு கடைக் கண்ணாடியில் பார்த்தால் என் இரண்டு கண்ணிலும் நீலம் பளபளத்தது. வெள்ளிக்கிழமை புதுக் கண்ணாடியோடு உட்கார்ந்தேன். பழைய கண்ணாடியையும் கையில் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பார்த்தேன். எட்டாம் எண் எலிக்கு இரண்டு கண்ணாடியிலும் நீலம் தெரிந்தது. ஏழாம் எண்ணுக்கு எதிலும் தெரியவில்லை. அதாவது ஏழு மற்றக் கூட்டம். இப்போது எனக்கு இரண்டு கூட்டமும் தெரிந்துவிட்டது.

பிலோமினா அன்று நயாகரா பார்த்துவிட்டு வந்திருந்தாள். "எவ்வளவு தண்ணி தெரியுமாங்க? நீங்க வந்திருந்தா அங்கேயே நின்னு எண்ணிக்கிட்டு இருப்பீங்க." அவளிடம் எலியைச் சொல்லவில்லை. சொன்னால் மகளிடம் போகும், மகளிடமிருந்து என் தம்பிக்குப் போகும், தம்பியிடமிருந்து அரை மணியில் செலினுக்குப் போகும்.

சனிக்கிழமை மாலை எங்கள் பங்குக் கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஐந்து பேர். புதிதாக வந்திருக்கும் இளம் சாமியார்; குரலைக் கேட்டால் முப்பதுகூட இருக்காது.

"ஃபாதர், இது பாவமா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. ஓர் எலியின் தலையில் விளக்கு எரிந்ததைப் பார்த்துவிட்டேன்."

அவர் வலைக்கு அருகே காதைக் கொண்டுவந்தார்.

"வீட்லயா?"

"தரமணியில்."

"ராத்திரி நல்லா தூங்கறீங்களா?"

"மூன்று நாளாக இல்லை."

"டாக்டரப் பாத்தீங்களா?"

முழுவதையும் சொன்னேன். பத்து நிமிடம் ஆனது. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அந்தப் பொண்ணுகிட்ட சொன்னா என்ன ஆகும்?"

"அவள் ஒரு வருட உழைப்பு போய்விடும்."

"சொல்லலேன்னா?"

"நான் கொடுக்கிற எண்ணிக்கை பொய்யாகிவிடும்."

"இதுல உங்களுக்குத் தெரியாத பதில் ஏதாவது இருக்கா? எங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம், அவகிட்ட சொல்லுங்க. பின்னால எட்டுப் பேரு நிக்கறாங்க."

"ஒன்பது, ஃபாதர்."

மூன்று மங்கள வார்த்தை ஜெபம் சொல்லச் சொன்னார். ஐந்தாகச் சொன்னேன்.

திங்கட்கிழமை காலை செலினைக் கேண்டீனில் பிடித்தேன். அவள் தட்டில் சாமைப் பொங்கல். எழுதி வைத்திருந்த தாளை அவள் முன் வைத்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்: நாலு, ஐந்து, ஆறு, எட்டு எரிகிற கூட்டம், ஏழு எரியாத கூட்டம், எனக்குத் தெரிந்துவிட்டது, என் கை கோடு போடப் போனது, போடவில்லை, ஆனால் இனி என்னை நம்பக் கூடாது. என் தம்பி முகத்தில் எப்படி விழிப்பேன் என்பதையும் சொன்னேன்.

அவள் முகம் வெளுத்தது. பிறகு தாளைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். பொங்கல் புரை ஏறும் வரை சிரித்தாள். கார்த்திக் அவள் முதுகில் தட்ட வேண்டியிருந்தது.

"பெரியப்பா, எல்லா எலிக்கும் விளக்கு எரியும். எரியணும். ஒரு கூட்டத்துக்கு மூளையில வெளிச்சம் பட்டா வேலை செய்யற புரதம் இருக்கு. இன்னொரு கூட்டத்துக்கு அது இல்ல, வெறும் வெளிச்சம்தான். புரதத்தால சுத்துதா, இல்ல விளக்கோட சூடு தாங்காம சுத்துதானு பிரிச்சுப் பாக்கணும்ல? நீலத்தைப் பாத்து உங்களால எதுவுமே கண்டுபிடிக்க முடியாது. நீங்க இன்னும் விவரம் தெரியாத ஆள்தான்."

உடம்பிலிருந்து ஒரு மூட்டை அரிசி இறங்கியது போல இருந்தது. உட்கார்ந்து அவள் தண்ணீரைக் குடித்தேன். ஐந்து இரவு, ஒரு கண்ணாடி, ஐந்து ஜெபம். எல்லாம் வீண்.

குடித்து முடித்ததும்தான் தோன்றியது.

"அப்படியானால் ஏழுக்கு ஏன் எரியவில்லை?"

செலின் சிரிப்பை நிறுத்தினாள். "தொப்பி நல்லா மூடியிருக்கும், உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

"நாலாம் எண் நான்கு படத்திலுமாக ஒன்பது தடவை காதைச் சொறிந்தது, ஆறு தடவை நீலம். எட்டாம் எண் பதினோரு தடவை, எட்டில் நீலம். ஏழாம் எண் பதினேழு தடவை சொறிந்தது. ஒன்றில் கூட இல்லை."

"சொறியறதையும் எண்ணினீங்களா?"

"கண்ணுக்கு முன்னால் சொறிந்தால் எண்ணாமல் எப்படி இருப்பது?"

அவளும் கார்த்திக்கும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு தட்டை அப்படியே விட்டுவிட்டு இரண்டு பேரும் ஓடினார்கள். மூன்றில் ஒரு பங்கு பொங்கல் மீதி இருந்தது.

அன்று பிற்பகல் பன்னிரண்டு எலிகளையும் ஒவ்வொன்றாக இருட்டறையில் கம்பிச் சுருளுக்குள் விட்டுச் சோதித்தார்கள். என்னை உள்ளே விடவில்லை. வெளியே நடையில் உட்கார்ந்து தரையின் சதுரங்களை எண்ணினேன். நூற்று நாற்பத்து நாலில் இருந்தபோது செலின் முகமூடியைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தாள்.

"பதினொண்ணு எரியுது. ஏழு எரியல. மேல் பூச்சுல எங்கியோ விரிசல், உள்ள தண்ணி போயிருக்கு. பொருத்தறதுக்கு முன்னாடி உப்புத் தண்ணியில ஊறவெச்சுப் பாத்தோம், நல்லாத்தான் எரிஞ்சது. தைச்சதுக்கப்புறம் யாரும் மறுபடி பாக்கல. நானும்தான்."

"ஏழு எந்தக் கூட்டம்?"

"கேக்காதீங்க!" இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள், பொத்த வேண்டியது என் காதைத்தான். "இப்ப நீங்க கேக்கவே கூடாது. கூட்டம் தெரிஞ்ச நான் 'ஏழு வேணாம்'னு தள்ளினா, எனக்குச் சாதகமாத் தள்ளினேன்னு சொல்லுவாங்க. தெரியாத நீங்க சொன்னாத்தான் செல்லும். எல்லாப் படத்தையும் இன்னொரு தடவை பாத்து, நீலம் எங்க தெரியுது, எங்க தெரியலனு மட்டும் தனியா எழுதித் தரணும். முடியுமா?"

20-ஆம் தேதிக்கு ஒன்பது நாள் இருந்தது. எண்ண வேண்டிய எலி இன்னும் நான்கு, அதோடு இதுவும். வியாழன் வரை காலை எட்டு மணிக்குப் போய் மாலை ஏழு மணிக்குத் திரும்பினேன். ஏழாம் எண்ணின் நான்கு படங்களையும் மூன்று முறை பார்த்தேன். அந்த எலி நிதானமான எலி. தொட்டியை மோந்து பார்க்கும், உட்காரும், காதைச் சொறியும். முழுச் சுற்று மொத்தமே ஐந்து. அதன் மேல் எனக்குக் கொஞ்சம் பிரியம்கூட வந்துவிட்டது.

18-ஆம் தேதி காலை செலினின் பேராசிரியை அலமாரியைத் திறந்து, கூட்டப் பட்டியல் இருந்த ஒட்டிய உறையை எடுத்தார். என் தாள்கள் அவர் முன்னால் இருந்தன. அவர் பேச்சைக் குறைத்த அம்மாள். உறையைக் கிழித்து எண்களைப் படித்துக்கொண்டே போனார். நான் செலின் கையைப் பார்த்தேன். மேஜை விளிம்பைப் பிடித்திருந்தாள்.

"ஏழு," என்றார், "புரதம் உள்ள கூட்டம்."

சுற்ற வேண்டிய கூட்டத்தில், விளக்கே இல்லாமல், ஐந்தே சுற்று சுற்றிவிட்டு உட்கார்ந்திருந்த எலி. அதையும் சேர்த்தால் கூட்டத்தின் சராசரி இறங்கி, விளக்கு பெரிதாக ஒன்றும் செய்யவில்லையோ என்று சந்தேகப்பட இடமிருந்தது. காரணத்தோடு தனியே எடுத்து வைத்ததும் மீதி ஐந்தும் ஒரு பக்கம், மற்ற ஆறும் ஒரு பக்கம். நடுவில் ஒன்றுமில்லை. பேராசிரியை என் தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"இந்தக் கோடெல்லாம் கையால போட்டதா சார்?"

"பென்சிலால், அம்மா."

"என் மாணவர்கள்ல ஒருத்தர்கூட எலி காதைச் சொறியறத எண்ணினதில்ல" என்றார். கார்த்திக் தரையைப் பார்த்தான்.

பதில் 19-ஆம் தேதி போனது. கட்டுரையை ஏற்றுக்கொண்டதாகச் செப்டம்பர் இரண்டாம் தேதி கடிதம் வந்தது. செலின் அழுதுகொண்டே எனக்குத் தொலைபேசினாள். இந்த மாதமே ஆய்வேட்டைக் கொடுத்துவிடலாமாம். கட்டுரையின் கடைசியில் நன்றி என்ற இடத்தில் என் பெயரைப் போட்டிருக்கிறார்கள் என்றும் சொன்னாள். போனைக் கார்த்திக் பிடுங்கிக்கொண்டான்.

"அங்கிள், ஃபாரின்ல பேர் பிரிண்ட் ஆவுது. ட்ரீட் இல்லியா?"

நம் ஊர் வழக்கம் எனக்கும் தெரியும். நல்லது யாருக்கு நடந்ததோ, அவர்தான் மற்றவர்களுக்குச் சாப்பாடு போட வேண்டும். ஆனால் இதில் நல்லது நடந்தது எனக்கா, அவர்களுக்கா? கேட்டுப் பார்த்தேன். "பேர் உங்களுதுதான அங்கிள்?" என்றான். சனிக்கிழமை தியாகராய நகரில் ஒரு ஓட்டலில் வாழையிலைச் சாப்பாடு. என்னோடு சேர்த்துப் பதினான்கு பேர். அப்பளம் மட்டும் முப்பத்தெட்டு போனது. தட்டைப் பார்க்காமல் சாப்பிடும் பிள்ளைகள் இலையைப் பார்த்துத்தான் சாப்பிட்டார்கள்.

அன்று இரவு பிலோமினா கூப்பிட்டாள். பின்னால் பேரன் வீறிட்டு அழுதுகொண்டிருந்தான்.

"ஒரு மாசமா ஓடி ஓடி எலி எண்ணினீங்களே, கடைசில எவ்வளவுங்க குடுத்தாங்க?"

"அவர்கள் எங்கே கொடுத்தார்கள்? நான்தான் கொடுத்தேன்."

"நீங்களா? எவ்வளவு?"

ரயில், ஆட்டோ, கண்ணாடி, பதினான்கு இலை எல்லாவற்றையும் ஏற்கெனவே கூட்டித்தான் வைத்திருந்தேன்.

"ஏழாயிரத்து எண்ணூற்று ஐம்பத்தாறு ரூபாய்."